வலிப்பும் வாழ்வும்



திருத்தணியைக் கடந்து திருப்பதி நோக்கிச் செல்லும் சாலையில் நகரி என்னும் ஊர் இருக்கிறது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. விசைத்தறி ஓசை ஓயாத அவ்வூரில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்தில் பிறந்து தறியோட்டும் ஓர் இளைஞனுக்கு வலிப்பு நோய் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். அவன் வாழ்வைக் குறைப்பது எது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மூளையின் நரம்பணுக்களில் நிகழும் நுண்ணிய மின்னியக்கம் திடீரென நெறி தவறுவதே வலிப்பு. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் அது தானே அடங்கிவிடும். அது தொற்று நோயன்று. பேயின் சேட்டையும் அன்று. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், தக்க சிகிச்சை கிடைப்பின் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாதம் ஒருமுறை வலிப்புக் காண்பவனுக்குங்கூட, ஆண்டு முழுவதும் கூட்டினால் வலிப்பு நேரம் அரை மணிதான். பின்வரும் அயர்வைச் சேர்த்தாலும் சில நாட்களே. எஞ்சிய நாட்களை அவனிடமிருந்து பறிப்பவர் யார்? சுற்றியுள்ள நாமே அல்லவா?

நம் முன்னோர் முயலகன் என்று ஒரு நோயைக் குறித்தனர். வலிப்பையே அவ்வாறு அழைத்தனர் என்பர். கொல்லிமழவன் மகளை வருத்திய முயலகனைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடி நீக்கினார் என்பது பெரியபுராணச் செய்தி. அத்தந்தை மகளின் நோயை மறைக்கவில்லை; ஊரறியக் கோயிலுக்குக் கொண்டுவந்தான்.

நாமோ மறைக்கிறோம். அதற்கு ஒருகாலத்தில் சட்டமும் காரணமாயிருந்தது. இந்து திருமணச் சட்டத்துக்கு 1976-இல் வந்த திருத்தம், அடிக்கடி வலிப்புக் காண்பவரைச் சித்தம் கலங்கியவரோடு ஒரே வரிசையில் வைத்து, மணத்துக்குத் தடை விதித்தது. 1999-இல் நாடாளுமன்றம் வலிப்பு என்னும் சொல்லை அங்கிருந்து நீக்கிற்று. ஆயினும் பெண் பார்க்கும் வீடுகளில் அத்தடை இன்னும் நீங்கவில்லை. நோயை மறைத்து மணம் முடித்த பெண், புகுந்த வீட்டார் காண்பரே என்று அஞ்சி மருந்தை நிறுத்துவாளாயின், அடங்கியிருந்த வலிப்பு மீளும். சில வேளை உயிருக்கே கேடாகும். முன்பே சொல்லிச் செய்யும் மணமே இருவருக்கும் காப்பு. தாய்மைக்கும் தடையில்லை, கருவுறுமுன் மருத்துவரைக் கலந்து, மருந்தைச் சீர்செய்துகொள்ள வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்குச் சொல்லும் ஓர் இடையூறு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் இதனை நன்கறிவேன். தமிழில் மூர்ச்சை என்றால் மயக்கம். தெலுங்கிலோ மூர்ச்ச என்பது வலிப்பு நோயையும் குறிக்கும். ஆகவே மருத்துவரிடம் நோயின் பெயரைக் கூறுவதினும் கண்டதைக் கூறுவதே நலம். எந்தக் கை முதலில் துடித்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, நினைவு எப்போது திரும்பிற்று என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வலிப்பை நேரில் கண்டவர் உடன் செல்லட்டும். ஊர் மாறும்போது மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும்.

நகரி இளைஞனுக்கு வடக்கே திருப்பதியிலும், தென்மேற்கே வேலூரிலும், கிழக்கே சென்னையிலும் நரம்பியல் மருத்துவமனைகள் உண்டு. வலிப்பு கட்டுக்குள் வரும்வரை அவனைச் சுழலும் பொறியருகே நிறுத்தாதிருப்பது அறிவுடைமை. அதனைக் காட்டி வேலையைவிட்டே நீக்குவது கொடுமை. துணி மடிக்கவும் கணக்கெழுதவும் அவனால் ஆகாதா?

அவனுக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் இடாதீர்கள், நீரும் புகட்டாதீர்கள். தலைக்கு மெத்தென்ற துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 5 நிமிடம் கடந்தும் அடங்காவிடில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அடங்கிவிட்டால், தெளியும்வரை அருகில் இருங்கள். கண் விழித்ததும் அவன் முதலில் தேடுவது கூடிநின்றவர் முகங்களைத்தான். அங்கே அருவருப்பைக் காணாதிருப்பானாயின், மறுநாள் அவன் தயங்காமல் வேலைக்கு வருவான்.