கைநாட்டு வைப்பதற்கு முன்னால்





பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் வயலில் இருந்து வந்திருக்கிறீர்கள். சிலர் பெங்களூர் ரயிலை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறீர்கள். அதனால் முக்கியமானதை மட்டும் பேசுகிறேன்.

நாம் வாய்விட்டுப் பேசத் தயங்கும் விஷயம் இது. புருஷனோடு வாழவே முடியாத நிலை வந்தால் ஒரு பெண் என்ன செய்வது?

விவாகரத்து செய்யுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. செய்யாதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை. அந்த முடிவு உங்களுடையது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பலமனேர் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகள். குடியும் அடியும் தாங்காமல் குப்பத்துக்கு, தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் பெரியவர்கள் கூடுகிறார்கள். முத்திரைத் தாள் ஒன்றை நீட்டுகிறார்கள். தெலுங்கில் எழுதியிருக்கிறது. இவள் தெலுங்கு நன்றாகப் பேசுவாள். ஆனால் நம் மையத்தில் தமிழ்தான் படிக்கக் கற்றாள்.

"இதில் ஒரு வேலிமுத்ர வை அம்மா. எல்லாம் தீர்ந்துவிடும்" என்கிறார்கள்.

தாளில் என்ன இருக்கிறது? "நானாகவே விலகிக்கொள்கிறேன். நகைகளை வாங்கிக்கொண்டேன். ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்." இதற்குத்தான் அவள் கைநாட்டு வைக்க வேண்டுமாம்.

சகோதரிகளே, அந்த இடத்தில் அவள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "எனக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு நகல் கொடுங்கள். விசாரித்துவிட்டு வருகிறேன்." இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது நம் உரிமை.

இப்படிப் பஞ்சாயத்தில் எழுதும் தாளால் கல்யாணம் முடிந்துவிடுமா? முடியாது. இந்துக்களுக்கு கோர்ட் தீர்ப்புதான் விவாகரத்து. சில சாதிகளில் வழக்கப்படி பிரியும் முறை உண்டு. அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று நிரூபித்தால்தான் அது செல்லும்.

இந்தச் சட்டம் நம் ஊருக்குப் புதியது அல்ல. சித்தூர் மாவட்டம் ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1949-ல் அந்த மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. இந்து ஆண் ஒரு மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக் கூடாது என்றது. இந்துப் பெண் விவாகரத்து கேட்கவும் வழி செய்தது. 1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தது. கொடுமை செய்தால், இரண்டு ஆண்டுகள் கைவிட்டுப் போனால், விவாகரத்து கேட்கலாம். ஓராண்டு பிரிந்து வாழ்ந்த இருவரும் மனம் ஒத்து மனு கொடுக்கவும் 1976-ல் வழி வந்தது. மனம் ஒத்த மனுவில் கையெழுத்துப் போட்ட பிறகும், தீர்ப்புக்கு முன் உங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

முஸ்லிம் சகோதரிகள் கோர்ட் மூலம் விவாகரத்து கேட்க 1939-ல் வந்த சட்டம் இருக்கிறது. மூன்று முறை தலாக் சொல்லி உடனே விலக்குவது 2019 சட்டப்படி குற்றம். கிறிஸ்தவப் பெண்களுக்கான பழைய சட்டத்தை 2001-ல் திருத்தி, ஆணுக்கு உள்ள காரணங்களைப் பெண்ணுக்கும் கொடுத்தார்கள்.

இன்னொன்றை மனதில் வையுங்கள். உதவி கேட்க விவாகரத்து வாங்கத் தேவையில்லை.

முதலில் ஜீவனாம்சம். நம் கோர்ட்டில் தெலுங்கில் இதை மனோவர்த்தி என்பார்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாத மனைவி தனக்கும் பிள்ளைகளுக்கும் கேட்கலாம். விவாகரத்து ஆனவளும், மறுமணம் செய்யாதவரை கேட்கலாம். எந்த மதமானாலும் கேட்கலாம். முஸ்லிம் பெண்ணுக்கும் இது உண்டு என்று 2024-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. முன்பு மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடைக்காது. 2001-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். மனு கொடுத்த நாளில் இருந்தே கணக்கிட வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆகவே மனு கொடுப்பதில் தாமதம் வேண்டாம்.

"நீயாகத்தானே வந்தாய்?" என்று கேட்பார்கள். அடி தாங்காமல் வந்தது தக்க காரணம். புருஷன் வேறு பெண்ணோடு வாழ்வதும் தக்க காரணம்.

அடுத்தது, குடும்ப வன்முறையில் இருந்து பாதுகாக்கும் 2005-ம் ஆண்டுச் சட்டம். அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்டிரேட் தடை போடலாம். வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்றும் சொல்லலாம். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் இந்தப் பாதுகாப்பைக் கேட்கலாம்.

மூன்றாவது, சீதனம். உங்களுக்குப் போட்ட நகையும் பாத்திரமும் உங்கள் சொத்து. புருஷன் வீட்டில் இருந்தாலும் உங்களுடையதே. 1985-லேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது.

பிள்ளைகள் விஷயத்தில் கோர்ட் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. இந்துக் குடும்பத்தில் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கும்.

நம் ஊர் மூன்று மாநிலங்கள் கூடும் இடம். கட்டிக்கொடுத்தது கிருஷ்ணகிரியாக இருக்கலாம், கோலாராக இருக்கலாம். வழக்குக்கு அங்கேதான் போக வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஜீவனாம்சத்துக்கும் பாதுகாப்புக்கும் நீங்கள் இப்போது வாழும் இடத்திலேயே மனு கொடுக்கலாம். இந்து மனைவி விவாகரத்து மனுவையும் தான் வாழும் பகுதிக்கு உரிய கோர்ட்டில் கொடுக்க 2003-ல் திருத்தம் வந்தது.

"வக்கீலுக்குப் பணம் எங்கே?" என்று கேட்கிறீர்கள். 1987-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அது 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எந்தப் பெண்ணுக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. கோர்ட் கட்டணமும் நீங்கள் கட்ட வேண்டாம். கோர்ட்டுக்குப் போய் சட்ட சேவைக் குழு எங்கே என்று கேளுங்கள். அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அடி விழும் நேரம் என்றால் 112 அல்லது 181.

இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் போட்டோ, ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான இடத்தில் வையுங்கள். அடி விழுந்த தேதியை நோட்டில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும். நீங்கள் கற்ற எழுத்து அன்றைக்கு உதவும்.

ஏற்கெனவே ஏதாவது தாளில் கைநாட்டு வைத்துவிட்டீர்களா? கலங்க வேண்டாம். எல்லாம் போய்விட்டது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அந்தத் தாளோடு வக்கீலைப் பாருங்கள்.

நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்ட என்ற ஊர். 1992-ல் அங்கே எழுத்துக் கற்ற பெண்கள் பாடப் புத்தகத்தில் ஒரு கதையைப் படித்தார்கள். பிறகு ஊரில் சாராயக் கடையை மூட வைத்தார்கள். மறு ஆண்டு ஆந்திரா முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. அவர்கள் கூட்டமாக நின்றார்கள். நம் பெண் பஞ்சாயத்தில் தனியாக நிற்கிறாள். அவள் பக்கத்தில் நாம் இரண்டு பேர் போய் நின்றால் போதும். "படித்துக் காட்டுங்கள்" என்று அவளால் தைரியமாகக் கேட்க முடியும்.

நாளைக்கு உங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் நின்றால், நீங்கள் போவீர்களா?