கணக்கேட்டில் தொடங்குக

அரசியல் என்பது மேடையும் மாலையும் அன்று. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் 1996 முதல் 2006 வரை நம்மவர் நிலைத்து அமர இயலவில்லை. மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் கொலையுண்டார். அத்துணை விலை கொடுத்த நாற்காலியில் அமர்ந்து, பிறர் காட்டிய இடத்தில் கையெழுத்திடுதல் தகுமோ?

வலங்கைமான் வட்டாரச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு நாம் கூறுவது இதுவே: 18 வயதில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர், 21-இல் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். இடைப்பட்ட மூன்றாண்டுகளே உங்கள் அரசியற் பள்ளி. சபை கூடுந்தோறும் செல்லுங்கள், வரவு செலவைக் கேளுங்கள், நம் தெருக் குடிநீருக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் தீர்மானம் எழுதச் செய்யுங்கள், படித்தபின் கையெழுத்திடுங்கள். கணக்கறிந்த கையே பதவியைக் காக்கும் என நம்புகிறோம்.