மதிப்பெண் தாளைப் படிப்போம்



அரசு ஒப்பந்தப்புள்ளிகளை மதிப்பிடுவது பற்றியும், அதிலிருந்து கிளம்பும் வழக்குகள் பற்றியும் பேச, கட்டுரை வாசிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களும் அரசுத்துறைப் பொறியாளர்களுமாக இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறோம். டெண்டர் என்றாலே ஊழல்தான் நினைவுக்கு வரும். அதைப் பேச வேறு மேடைகள் நிறைய உண்டு. கையூட்டு வாங்கியவரைப் பிடிப்பது போலீஸ் வேலை. யாரும் ஒரு பைசா வாங்காத டெண்டரிலும் தோற்றவர் ஏன் கோர்ட்டுப் படி ஏறுகிறார் என்பதுதான் ஆய்வாளரின் கேள்வி.

1977-இல் பம்பாய் விமான நிலையத்தில் இரண்டாம்தர உணவகம் ஒன்றும் சிற்றுண்டிக் கடை இரண்டும் நடத்த டெண்டர் விட்டார்கள். பதிவுபெற்ற இரண்டாம்தர ஓட்டல்காரராக இருக்க வேண்டும், 5 ஆண்டு அனுபவம் வேண்டும் என்பது நிபந்தனை. மாதம் ரூ. 6,666.66 உரிமக் கட்டணம் தருவதாகச் சொன்னவருக்கு அது போயிற்று. அவர் கேன்டீன் நடத்தியவரே தவிர, அறிவிப்பு கேட்ட ஓட்டல்காரர் அல்ல. இந்த நிபந்தனையைப் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்திருந்தால் தானும் டெண்டர் போட்டிருக்கலாமே என்று ரமணா தயாராம் ஷெட்டி வழக்குப் போட்டார். அரசு தான் வகுத்த அளவுகோலைத் தானே மீறக்கூடாது என்று 1979-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். ஆனால் மனுதாரருக்குக் கைக்கு ஒன்றும் வரவில்லை. அவர் காலம் தாழ்த்தி வந்திருந்தார். அதற்குள் டெண்டர் எடுத்தவர் ரூ. 1.25 லட்சம் செலவழித்திருந்தார். கொள்கை ஜெயித்தது, கொண்டுவந்தவர் தோற்றார். நம் டெண்டர் வழக்குகளின் ஜாதகம் அன்றைக்கே கணிக்கப்பட்டுவிட்டது.

அடுத்தது 1994, டாடா செல்லுலார். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கான செல்பேசி உரிமம் பற்றிய வழக்கு. தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி எஸ். மோகன் எழுதிய தீர்ப்பு. முடிவு சரியா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல, முடிவெடுத்த முறை சரியா என்று மட்டும் பார்க்கலாம் என்று அது வரம்பு கட்டியது. பிறகு வந்த ஜகதீஷ் மண்டல், அஃப்கான்ஸ், என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்குகளின் தீர்ப்புகள் எல்லாம் இங்கே பலருக்கும் மனப்பாடம். வேலியை ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டது. அஃப்கான்ஸ் வழக்கின் நாக்பூர் மெட்ரோ டெண்டரில் நகரங்களுக்கிடையே ஓடும் ரயில்பாதை கட்டிய அனுபவம் மெட்ரோ அனுபவம் ஆகுமா என்ற கேள்வி எழுந்தபோது, டெண்டர் ஆவணத்தை எழுதியவருக்கே அதன் பொருள் தெரியும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. நம் மாநிலத்து மதுப்புட்டி ஹாலோகிராம் டெண்டரில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒன்று சொல்ல, டிவிஷன் பெஞ்ச் வேறொன்று சொல்ல, 2021-இல் உச்ச நீதிமன்றம் தனி நீதிபதி பக்கம் நின்று, தோற்றவர்கள்மேல் செலவுத் தொகையையும் சுமத்தியது.

நீதிமன்றம் ஒதுங்கி நின்றது தவறு என்று நான் சொல்லவில்லை. நீதிபதி பாலத்துக்கு டிசைன் போட முடியாது. ஆனால் முப்பது ஆண்டுகளாக நீதிமன்றம் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதையே அளந்துகொண்டிருக்கிறோம். உள்ளே மதிப்பெண் எப்படிப் போட்டார்கள் என்பதைச் சட்டக் கல்லூரிகளும் பார்க்கவில்லை, பொறியியல் கல்லூரிகளும் பார்க்கவில்லை.

விலை மட்டுமே கணக்கு என்றிருந்த நாளில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. இ.எம்.டி. என்ற முன்வைப்புத் தொகை இருக்கிறதா, கவர் சரியான நேரத்தில் வந்ததா, அடித்தல் திருத்தலில் வட்டமிட்டு அதிகாரி கையெழுத்துப் போட்டாரா என்று பார்த்துவிட்டு குறைந்த விலை கேட்ட எல்-1 யார் என்று அறிவித்தால் முடிந்தது. இப்போது தரத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஆலோசனைப் பணிகளில் ஏற்கெனவே இருந்ததை, 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் கட்டுமானப் பணிகளுக்கும் நிபந்தனைகளோடு திறந்துவிட்டது; தரத்தின் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

அந்த 30 என்ன செய்யும் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். முதல் நிறுவனம் ரூ. 10 கோடி கேட்கிறது, தரத்தில் 90 மதிப்பெண். இரண்டாவது ரூ. 9.4 கோடி, தரத்தில் 72. குறைந்த விலைக்கு 100, மற்றதற்கு விகிதப்படி 94. தரத்துக்கு 30, விலைக்கு 70 விழுக்காடு என்றால், முதலாவதுக்கு 27-ம் 65.8-ம் சேர்ந்து 92.8. இரண்டாவதுக்கு 21.6-ம் 70-ம் சேர்ந்து 91.6. முதலாவதுதான் ஜெயிக்கிறது, அரசுக்கு ரூ. 60 லட்சம் கூடுதல் செலவு. இனி, முதலாவதின் செயல்முறை விளக்கத்தைக் கேட்ட குழு அதில் 5 மதிப்பெண் குறைத்துப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 91.3 ஆகிவிடும், டெண்டர் கை மாறிவிடும். அந்த 5 மதிப்பெண் ஏன் போயிற்று என்று கோப்பில் எத்தனை வரி இருக்கும்? பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. கட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும், கீழே கையெழுத்துகள் இருக்கும்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. மத்திய அரசுக்கென்று கொள்முதல் சட்டம் கிடையாது; 2012-இல் மக்களவைக்கு வந்த மசோதா 2014-இல் காலாவதியாயிற்று. தமிழ்நாடு 1998-லேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்டவர் யார், மற்றவர்கள் ஏன் நிராகரிக்கப்பட்டார்கள் என்பதை டெண்டர் புல்லட்டினுக்கு அனுப்ப வேண்டும் என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது. தோற்றவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 11-ஆம் பிரிவு. அரசின் முடிவுமேல் அரசிடமே முறையீடு! மத்திய பொது நிதி விதிகளும் நிராகரித்த காரணத்தைக் கேட்பவருக்குச் சொல்லச் சொல்கின்றன. ஆனால் ‘தொழில்நுட்பத் தகுதி பெறவில்லை’ என்பதும் ஒரு காரணம் என்றே துறைகள் நினைக்கின்றன.

காரணம் எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டே வழக்குப் போடுவார்கள் என்று பொறியாளர்கள் சொல்வது எனக்குத் தெரியும். அது நியாயமான பயம்தான். அதற்கு அமெரிக்க விமானப்படையின் எரிபொருள் நிரப்பும் விமான டெண்டரைச் சொல்ல விரும்புகிறேன். 179 விமானங்கள், ஏறத்தாழ 3,500 கோடி டாலர். 2008 பிப்ரவரியில் நார்த்ராப் குழுமத்துக்குக் கொடுத்தார்கள். போட்டியில் தோற்ற போயிங் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ.விடம் முறையிட்டது. 100 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஜூனில் சொன்னார்கள். குறிப்பிட்ட இலக்கைத் தாண்டினால் கூடுதல் மதிப்பு கிடையாது என்று ஆவணத்தில் எழுதிவிட்டு, தாண்டியதற்காக நார்த்ராப்புக்குச் சாதகமாக மதிப்பிட்டிருந்தார்கள். ஆயுட்காலச் செலவுக் கணக்கிலும் பிழை இருந்தது. இந்த அளவுக்கு விரல் வைத்துக் காட்ட முடிந்ததற்குக் காரணம், மதிப்பிட்டவர்கள் எழுதி வைத்திருந்ததுதான். போயிங் அடுக்கிய வேறு பல குறைகளை ஜி.ஏ.ஓ. தள்ளுபடி செய்ததற்கும் அதே எழுத்துதான் சான்று. ஜி.ஏ.ஓ. சொல்வது பரிந்துரைதான், ஆணை அல்ல. இருந்தும் டெண்டர் ரத்தாயிற்று. 2011-இல் போயிங்குக்கே போனது. மூன்று ஆண்டு போயிற்றே என்று கேட்டால், ஆமாம், போயிற்று. அந்த விலையையும் நாம் கணக்கில் வைத்துத்தான் பேச வேண்டும்.

கட்டுரைச் சுருக்கங்களைப் படித்துப் பார்த்தேன். பதினைந்து பேர் டாடா செல்லுலாரிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். மதிப்பெண் போட்ட ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்றைக்கூட யாரும் இணைக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் முடிந்துபோன டெண்டர்களின் பட்டியல் கிடைக்க வாய்ப்புண்டு. பொறியாளர் நண்பர்கள் யாராவது, முடிந்துபோன பழைய டெண்டர் ஒன்றின் பட்டியலைப் பெயர்களை மறைத்துவிட்டு நாளைப் பிற்பகல் அமர்வுக்குக் கொண்டு வர முடியுமானால் நல்லது. அதே ஆவணங்களை வைத்து அமர்வில் இருப்பவர்கள் ஆளுக்கொரு தாளில் தனித்தனியே மதிப்பெண் போடட்டும், பக்கத்தில் காரணமும் எழுதட்டும். யாருடைய எண் எங்கே விலகுகிறது என்று பார்த்துவிட்டு, சட்டம் பேசுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.