நாய்க்கும் உண்டா நொட்டாங்கை?



இன்று நாயைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

நம்மில் பலருக்கு வலது கை பழக்கம். அதைச் சோத்தாங்கை என்கிறோம். சிலருக்கு இடது கை பழக்கம். நொட்டாங்கை என்று அவர்களைக் கேலி செய்கிறோம். மனிதர்களில் 100 பேருக்குச் சுமார் 10 பேர் இடது கைக்காரர்கள். நாய்க்கு இப்படி ஒரு பழக்கம் உண்டா? அதற்குக் கை ஏது? முன்னங்கால்தான் அதற்குக் கை.

உண்டு. ஆனால் கணக்கு வேறு.

இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 18,000 நாய்களைச் சோதித்த ஆய்வு அது. நாய் வளர்ப்பவர்களே தங்கள் வீட்டில் சோதனை செய்தார்கள். ஒரு குழாய்க்குள் தின்பண்டம் வைத்தார்கள். அதற்குள் நாயின் வாய் நுழையாது. காலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். எந்தக் காலை விடுகிறது என்று பார்த்தார்கள்.

100 நாய்கள் என்று வைத்துக்கொள்வோம். 43 நாய்கள் வலது காலை விட்டன. 31 நாய்கள் இடது காலை விட்டன. மீதி 26 நாய்களுக்கு இரண்டு காலும் ஒன்றுதான். பெட்டை நாய்களில் வலது கால் பழக்கம் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

இதற்கு முன்பே, 1987-இல், துருக்கி நாட்டில் ஒருவர் 28 நாய்களைச் சோதித்தார். நாயின் கண்மேல் பிளாஸ்திரி ஒட்டினார். எந்தக் காலால் அதைப் பிய்க்கிறது என்று பார்த்தார். பாவம், அந்த நாய்கள்! குழாய் வைப்பதே நல்ல வழி.

காலுக்கு வேலை சொல்வது மூளை. மூளைக்கு இரண்டு பாதிகள் உண்டு. இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிறது. வலது பாதி இடது பக்கத்தை ஆள்கிறது. நாய்க்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். நாயின் வாலில்கூட இது தெரியும். இத்தாலி நாட்டில் 2007-இல் 30 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். வளர்ப்பவரைக் கண்டதும் வால் வலது பக்கம் அதிகம் ஆடியது. முரட்டு நாயைக் கண்டதும் இடது பக்கம் அதிகம் ஆடியது.

உங்கள் வீட்டு நாயை நீங்களே சோதிக்கலாம். கட்டிலுக்கு அடியில், வாய் எட்டாத தூரத்தில், ஒரு பொறைத் துண்டை வையுங்கள். நாய்க்கு நேர் எதிரே இருக்கட்டும். எந்தக் காலை நீட்டுகிறது? ஒரு தாளில் 'வலது', 'இடது' என்று எழுதி, அதற்கு நேரே கோடு போடுங்கள். ஒரே நாளில் வேண்டாம். நாலைந்து நாளில் 20 தடவை பாருங்கள். ஒரே காலுக்கு 15 கோட்டுக்கு மேல் விழுந்தால் அது பழக்கம். 10, 11 என்று வந்தால் பழக்கம் இல்லை.

'கை கொடு' என்றால் சில நாய்கள் கால் கொடுக்கும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நாம் சொல்லிக் கொடுத்தது. தெரு நாயிடமும் இந்தச் சோதனை வேண்டாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும்.

நாய் இடது காலை நீட்டினால் நாம் அடிப்பதில்லை. அதன் இயல்பு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நம் பிள்ளை இடது கையில் பென்சில் பிடித்தால்? கையில் ஓர் அடி விழுகிறது. சில வீடுகளில் கையைக் கட்டிப் போடுகிறார்கள்.

அது பிள்ளையின் பிடிவாதமா? பெல்ஃபாஸ்ட் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. தாயின் வயிற்றில் சிசு விரல் சப்புவதை ஸ்கேனில் பார்த்துக் குறித்து வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் அதே பிள்ளைகளை மறுபடி பார்த்தார்கள். வலது விரல் சப்பிய 60 பேரும் வலது கைக்காரர்களாக இருந்தார்கள். இடது விரல் சப்பிய 15 பேரில் 10 பேர் இடது கைக்காரர்களாக இருந்தார்கள். இது 2005-இல் வெளிவந்தது. வயிற்றில் இருக்கும்போது அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

வலது கையால் சாப்பிடுவது நம் வழக்கம். அன்பாகச் சொன்னால் பிள்ளை பழகிக்கொள்ளும். நம் நாட்டில் பலர் வலது கையால் சாப்பிட்டு, இடது கையால் எழுதுகிறார்கள். எழுதும் கையை மட்டும் மாற்றாதீர்கள். நோட்டின் மேல் பக்கத்தை வலது பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைத்துக் கொடுங்கள். எழுதும்போது எழுத்து மறையாது. பள்ளிக்கூடத்துக்குப் போய், பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.