கொசுறுக் குருவி



பள்ளிக்கூடம் விடுமுறை. ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலமும் நடந்துகொண்டிருக்கிறது. விசைப்படகில் தொழிலுக்குப் போகிற அப்பாமார்கள் 61 நாள் கரையில் இருக்கிறார்கள். அப்பாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது நம் கடற்கரையில் ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கிற காலம். கையில் காசு புழங்காத காலமும் இதுதான். இந்த நாள்களில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு வேலையைப் பற்றி இன்று பேசுவோம். குருவிக்குத் தீனிச் சிரட்டை கட்டுகிற வேலை.

"நம்ம உலைக்கே அரிசி தேட வேண்டியிருக்கு, இதுல குருவிக்கு வேறயா?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலை நாம் தட்டிவிட வேண்டாம். நியாயமான குரல்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டே நற்செய்தியைத் திறப்போம்.

மத்தேயு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சிட்டுக்குருவியின் விலையைச் சொல்கிறார். ஒரு காசுக்கு இரண்டு. லூக்கா 12-ஆம் அதிகாரத்திலும் விலை வருகிறது. அங்கே இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காசுக்கு இரண்டு என்றால் இரண்டு காசுக்கு நான்குதானே? ஐந்தாவது எங்கிருந்து வந்தது? சந்தைக்குப் போகிற எந்த அம்மாவையும் கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்: அது கொசுறு. கறிவேப்பிலையைச் சும்மா போட்டுக் கொடுப்பதுபோல, சேர்த்து வாங்கியவருக்கு வியாபாரி போட்ட கொசுறுக் குருவி. அதற்கென்று விலையே கிடையாது. அந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் கடவுள் மறக்கவில்லை என்கிறார் இயேசு.

அந்தக் காசும் சின்னக் காசுதான். ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். அதில் பதினாறில் ஒரு பங்குதான் அந்தச் செப்புக்காசு. ஆட்டுக்கறி வாங்க முடியாத ஏழைகள் வாங்கித் தின்ற கறி, குருவிக்கறி. ஆண்டவருக்கு அந்த விலை தெரிந்திருக்கிறது. நாசரேத்தில் அவருடைய வீட்டிலும் அதை வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் தப்பொன்றும் இல்லை.

இதை அவர் யாரிடம் சொன்னார் என்பதையும் கவனிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தே அனுப்பப்பட்ட சீடர்களிடம் சொன்னார். கடலுக்குப் போனவர் கரை திரும்பும்வரை வாசலையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்க்கிற பெண்களுக்கு இந்த இடத்தை நாம் விளக்கத் தேவையில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டுக்கு வந்திருக்கிறது! அந்த வீட்டுப் பிள்ளை, 'நம்மை யாராவது நினைக்கிறார்களா?' என்று கேட்கும். கொசுறுக் குருவியைப் பற்றி ஆண்டவர் பேசியது அந்தக் கேள்விக்குத்தான். வாயால் மட்டும் சொன்னால் நாலு வயதுப் பிள்ளைக்கு அது எட்டாது. அதனால்தான் சிரட்டை.

மாரியூர்ப் பக்கம் இதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு தேங்காயைச் சரிபாதியாக உடையுங்கள். கண் இருக்கிற பாதி தீனிக்கு, கண் இல்லாத பாதி தண்ணீருக்கு. காரணம் இருக்கிறது. மூன்று கண்ணில் ஒன்று மெதுவானது. அதைக் குத்தித் திறந்துவிட்டால் மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும், தானியம் பூஞ்சை பிடிக்காது. கண் இல்லாத பாதி ஒழுகாது. விளிம்பில் மூன்று துளை போடுவது பெரியவர்கள் வேலை. ஆணியைச் சுட வைத்துப் போட்டால் சிரட்டை கீறாது. நாரைக் கோப்பதும் முடிச்சுப் போடுவதும் பிள்ளைகள் வேலை. முடிச்சுப் போடத் தெரியாத அப்பா நம் ஊரில் யார் இருக்கிறார்? அந்த நேரத்தில் அவர் பிள்ளைக்கு இரண்டு முடிச்சுக் கற்றுக்கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். தங்கூசியில் கட்டாதீர்கள். வீட்டில் அதுதான் கைக்குக் கிடைக்கும், தெரியும். ஆனால் குருவியின் கால் அதில் சிக்கினால் இறுகிக்கொண்டே போகும். பனைநாரோ தென்னங்கயிறோ போதும்.

தீனி எவ்வளவு? பிள்ளையின் கைப்பிடி அளவு, ஒரு நாளைக்கு ஒரு பிடி. அடுப்படிக் குரலுக்கு நம் பதில் இதுதான்: முறத்தில் புடைக்கும்போது ஒதுங்குகிற நொய்யே அந்த ஒரு பிடிக்குப் போதும். கம்பு இருந்தால் நல்லது. மிச்சமான மிக்சர், முறுக்கு, கருவாட்டுக் குழம்புச் சோறு வேண்டாம். உப்பு அந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது. தண்ணீரைத் தினமும் கொட்டிச் சிரட்டையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்குச் சிரட்டையில் ஒரு குருவியின் நோய் எல்லாக் குருவிக்கும் தொற்றிவிடும். சுற்றிலும் உப்பளமும் கடலுமாக இருக்கிற ஊரில், சித்திரை வெயிலில், தானியத்தைவிட அந்த நல்ல தண்ணீரைத்தான் அவை அதிகம் தேடி வரும். பூனை தாவ முடியாத உயரத்தில், நிழலில் தொங்கட்டும்.

முதல் நாளே குருவி வராது. பிள்ளை பத்துத் தடவை எட்டிப் பார்க்கும். முதலில் அணில் வரும், காக்கை வரும், மைனா வரும், விரட்ட வேண்டாம். தனுஷ்கோடிப் பக்கம் வருகிற பூநாரையும், மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர் கண்மாய்க்கு வருகிற கொக்கு நாரையும் நம் சிரட்டைக்கு வராது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவற்றுக்குத் தேவை நீர் நிற்கிற இடம். சிட்டுக்குருவியும் தானியத்தோடு நிற்பதில்லை. குஞ்சுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் பூச்சியையும் புழுவையும். கொல்லையில் நாலு செடி இல்லாமல், கண்டதற்கெல்லாம் மருந்தடித்துவிட்டு, சிரட்டையை மட்டும் தொங்கவிட்டால் தாய்க்குருவி தின்னும், குஞ்சு வளராது. செல்போன் கோபுரத்தின்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டுப் போவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. கூரையும் ஓடும் போய்க் காங்கிரீட் வந்தபிறகு, கூடு கட்ட ஒரு பொந்தாவது விட்டோமா? சென்னையில் கூடுகள் அறக்கட்டளை என்ற அமைப்பு பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே சின்ன மரக்கூடுகளைச் செய்ய வைக்கிறது. திருப்பாடல் 84-இல் குருவி ஆண்டவரின் பலிபீடத்தருகிலேயே கூடு கட்டிக் குடியிருக்கிறது. நம் கோவிலில் கட்டினால் ஒட்டடைக் கம்பைத் தேடுகிறோம்.

நம் சிவகங்கை மறைமாவட்டத்து எல்லைக்குள்ளேயே நமக்கு ஆசிரியர்கள் உண்டு. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் அடைகாக்கிற பறவைகள் மிரளக்கூடாது என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் வெடி ஆசை இருக்கும்தானே? 2020-இல், ஊரடங்கு நேரத்தில், பொத்தகுடி என்ற ஊரில் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்குப் போடாமல் இருட்டில் நடந்தது. அவர்களுக்கு யாரும் மறையுரை வைக்கவில்லை.

புனித பிரான்சிஸ் அசிசியார் பறவைகளுக்குப் போதித்தது எல்லாருக்கும் தெரியும். அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா இன்னொன்றும் சொல்கிறார். பேரரசரைப் பார்த்துப் பேச முடிந்தால், கிறிஸ்து பிறப்பு விழா அன்று வசதியுள்ளவர்கள் எல்லாரும் வழியெங்கும் தானியம் இறைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் கேட்பேன் என்றாராம், வானம்பாடிகளுக்காக. அதோடு அன்று ஏழைகள் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்றும் விரும்பினார். ஏழையின் சோற்றையும் பறவையின் தானியத்தையும் அவர் எதிரெதிரே நிறுத்தவில்லை. லேவியர் நூலும் அறுவடையின்போது வயலோரத்தை ஒட்ட அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விடச் சொல்கிறது. நம் உழவர் வீடுகளில் வாசலில் தொங்கவிட்ட நெற்கதிர்க் கொத்தும் அந்த வகைதான். வயலில் குருவியைக் கல்லெறிந்து விரட்டியவரே வீட்டு வாசலில் அதற்குக் கதிர் கட்டினார். அவரிடம் கேட்டால், விரட்டுவது பிழைப்புக்கு, கட்டுவது குருவிக்கு என்பார்.

வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும், மறைக்கல்விப் பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை கொண்டு வரட்டும். துளை போட அப்பாக்களும் வாருங்கள். ஜூன் 14-ஆம் தேதி நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. அதன்பின் அப்பா கடலில் இருப்பார், பள்ளிக்கூடமும் திறந்திருக்கும். அப்போது காலையில் சிரட்டையைக் கழுவித் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதை, நாரைக் கட்டும்போதே பிள்ளையிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.