வீட்டை இழுக்கும் வண்டி



அமெரிக்க நாட்டில் விடுமுறைக் காலம் வந்துவிட்டால், படுக்கையும் அடுப்பும் குளியலறையும் அமைந்த சிறு வீடு ஒன்றைத் தம் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு, மலைகளையும் ஏரிகளையும் காணப் புறப்படும் குடும்பங்கள் பல. இச்சக்கர வீட்டைக் கேம்பர் என்பர். அதனை இழுப்பது, பின்புறம் திறந்த சரக்குப் பெட்டியுடைய பிக்கப் வண்டி. புதிய டீசல் பிக்கப்பின் விலை மிக அதிகமாதலால், இருபது ஆண்டு கடந்த பழைய வண்டியை நாடுவோர் உண்டு. அவர்கள் எதனை ஆராய்ந்து வாங்குதல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

டீசலை ஏன் நாடுகின்றனர்? பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினிலோ காற்று ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது; அந்நெருக்கத்தால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. குறைந்த வேகத்திலும் பெரும் பளுவை இழுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. டர்போ என்னும் காற்றேற்றி இருப்பதால், காற்று மெலிந்த மலையுச்சியிலும் அது அதிகம் தளர்வதில்லை.

பழைய வண்டிகளுள் இரண்டின் பெயர் அடிக்கடி காதில் விழும். ஒன்று, டாட்ஜ் வண்டியில் 1989-ஆம் ஆண்டு மாதிரி முதல் பொருத்தப்பட்ட 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின். 1998-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை வந்த பன்னிரண்டு வால்வு எஞ்சினின் எரிபொருள் பம்பு முற்றிலும் பற்சக்கரங்களால் இயங்குவது. கணிப்பொறியின் துணை அதற்கு வேண்டா. எனினும் அதன் முன்பக்க உறையிலுள்ள சிறிய எஃகு முளை ஒன்று நாளடைவில் தளர்ந்து பற்சக்கரங்களுக்கிடையே விழுந்து எஞ்சினையே சிதைத்துவிடக்கூடும். முளையைத் தடுத்து நிறுத்தும் தகடு பொருத்தப்பட்டுள்ளதா என்று கேட்பது நன்று. மற்றொன்று, 1994 முதல் 2003 வரை ஃபோர்டு வண்டிகளில் வந்த 7.3 லிட்டர் எஞ்சின். அதில் ஒரு சிறு சென்சார் பழுதுற்றால், ஓடும் வண்டி அப்படியே நின்றுவிடும். விலை குறைந்த பொருளே. ஆதலின் விவரம் அறிந்தோர் ஒன்றை உபரியாக உடன் வைத்திருப்பர்.

ஆயினும் எஞ்சினைப் பற்றியே பேசிப் பொழுது போக்குவோரைக் கண்டால் எனக்குச் சற்றுச் சலிப்பு உண்டாகிறது. இழுக்கும் ஆற்றல் இவ்வண்டிகளில் குறைவது அரிது. தாங்கும் ஆற்றலும் நிறுத்தும் ஆற்றலுமே குறைகின்றன.

ஒரு கணக்குப் பாருங்கள். ஓட்டுநர் கதவின் விளிம்பிலுள்ள தகட்டில், வண்டி சுமையோடு எவ்வளவு எடை இருக்கலாம் என்று குறித்திருக்கும். அது 8,800 பவுண்டு என்று கொள்வோம். எரிபொருள் நிரம்பிய வெறும் வண்டி 6,300 பவுண்டு. மிச்சம் 2,500. கேம்பர் 9,000 பவுண்டு எடையுள்ளது. அதன் கொக்கி சரக்குப் பெட்டியின் நடுவே பொருந்தும் வகை. இவ்வகையில் கேம்பரின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வண்டியின் மேலேயே அமரும். அஃது 1,800. கொக்கிச் சாதனம் 150. தாய் தந்தையும் இரு பிள்ளைகளும் 500. எஞ்சுவது வெறும் 50 பவுண்டு! விற்பவரோ, ‘இது பதினாயிரம் பவுண்டு இழுக்கும்’ என்றுதான் சொல்வார். அவர் சொல்வது பொய்யன்று. கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று.

இனி இறக்கத்தைக் கவனியுங்கள். கொலராடோ மாநிலத்தில் 70-ஆம் எண் நெடுஞ்சாலை, 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைக் கடந்து, மேற்கே 2,000 அடிக்கு மேல் சரேலென இறங்குகிறது. வண்டியும் கேம்பரும் சேர்ந்து 7,000 கிலோ என்று கொண்டால், அவ்விறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஒரு லிட்டர் டீசல் முழுதும் எரிந்தால் உண்டாகும் வெப்பத்தினும் மிகுதி. காற்றும் உருளும் சக்கரங்களும் ஒரு பகுதியை ஏற்கும். எஞ்சியதைப் பிரேக்குகள் ஏற்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக்கு பிடிப்பை இழக்கும். அப்போது காலால் எவ்வளவு அழுத்தினும் பயனில்லை. பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்தவுடன் காற்றுவழி அடைபட்டு, எஞ்சினே வண்டியைப் பின்னிழுக்கும். பழைய டீசலில் அத்தகைய அடைப்பு இல்லை. காற்று தாராளமாக உட்சென்று வெளியேறும். ஆகவே புகைபோகும் குழாயை மூடி எஞ்சினை எதிர்க்கச் செய்யும் எக்ஸாஸ்ட் பிரேக்கு உள்ள வண்டிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம். கேம்பரின் பிரேக்குகளை முன்வண்டியிலிருந்து இயக்கும் கருவியும் பழுதின்றி இருத்தல் வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு இருக்கையின் தோலுறையைத் தடவிப் பார்ப்போரை என்னென்பது!

வாங்குமுன் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். வட மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்புத் தூவுவர். அவ்வுப்பு சட்டத்தையும் பிரேக்குக் குழாய்களையும் அரித்துவிடும். எஞ்சின் மூன்று லட்சம் மைல் ஓடக்கூடும். துருவேறிய சட்டத்திற்கு அந்த ஆயுள் ஏது? அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்து வண்டி சாயம் வெளுத்திருந்தாலும் பெரும்பாலும் மேல். விற்பவர் முன்னதாக எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்பதையும் முகப்பு மூடியின்மேல் கைவைத்து அறியலாம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே துளையின்மேல் தலைகீழாக வைத்தால், அது துள்ளிக் கீழே விழுமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று ஐயுறலாம். டயரின் பக்கச் சுவரில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரம் செய்தது. நெடுநாள் நின்ற கேம்பரின் டயர் தேயாமலே கெட்டுப்போவதுண்டு.

கொலராடோவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், இவ்வாறெல்லாம் பார்த்தே ஒரு வண்டி வாங்கினார். வாங்கியபின் மனைவி மக்களையும் கேம்பரையும் நிறைந்த தண்ணீர்த் தொட்டியையும் கொண்டு, லாரிகள் நிற்கும் நிலையத்திலுள்ள எடைமேடையில் ஏற்றினார். பின் அச்சின் எடை வரம்பை மீறியிருந்தது. அந்நாட்டுக் காலன் ஒன்றுக்கு நீர் எட்டு பவுண்டுக்கு மேல் எடையுள்ளது. அவருடைய தொட்டி அறுபது காலன் கொள்வது. இப்போது அவர் தொட்டியை வெறுமையாக வைத்தே மலையைக் கடக்கிறார். தங்குமிடம் சேர்ந்தபின் அங்குள்ள குழாயில் நிரப்பிக்கொள்கிறார்.