பதினாலு மாடிக்கும் பாரம்பரியம் உண்டு



சென்னையின் பாரம்பரியக் கட்டடங்களைச் சொல்லச் சொன்னால் ரிப்பன் மாளிகை, உயர் நீதிமன்றம், செனட் ஹவுஸ் என்று மளமளவென்று சொல்லிவிடுவோம். எல்லாம் வெள்ளையர் ஆட்சியில் எழுந்தவை. சுதந்திர இந்தியா கட்டிய ஒன்று அந்த வரிசையில் வருகிறதா? அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் வர வேண்டும். அதற்கு வழக்காடத்தான் இந்தப் பேச்சு.

அந்தக் கட்டடத்தைத் தொடங்கியது எல்.ஐ.சி. அல்ல. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-இல் நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தம்முடைய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக 1953-இல் வேலையை ஆரம்பித்தார். வரைபடம் போட்டவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மௌலின் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள். மறு ஆண்டே, 1954 மார்ச் 13-இல், சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் செட்டியார் காலமானார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாகி எல்.ஐ.சி. பிறந்தது. 1957-இல் லண்டன்காரர்களும் விலகினார்கள்.

தொடங்கியவர் இல்லை, நிறுவனம் கைமாறிவிட்டது, வரைந்தவர்களும் போய்விட்டார்கள். அப்படியும் வேலை நிற்கவில்லை. சென்னைக் கட்டடக் கலைஞர் எல்.எம். சிதலே பொறுப்பேற்றார், கோரமண்டல் இன்ஜினியரிங் கட்டி முடித்தது. 1959 ஆகஸ்ட் 23 அன்று மத்திய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். உயரம் 177 அடி. செலவு சுமார் 87 லட்சம் ரூபாய்.

அந்த உயரம் இந்த ஊருக்கு எவ்வளவு புதிது என்பதை அறிய, பழைய மெட்ராஸ் வீட்டின் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் குத்துக்கல்லாக அடுக்கிய மெல்லிய செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்புக் காரை. ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கொத்தனார்கள் இன்றும் சொல்லும் வேலை இது. அந்த முறையில் மொத்தச் சுமையையும் சுவர்தான் தாங்கும். மாடி ஏற ஏற, அடியில் சுவர் தடித்துக்கொண்டே போகும். இரண்டு மூன்று மாடிக்கு மேல் கட்டுப்படியாகாது. எல்.ஐ.சி.யில் பாரம் கான்கிரீட் தூண்களுக்கு மாறியது. சுவர் வெறும் மறைப்பானது. காரையிலிருந்து கான்கிரீட்டுக்கு மெட்ராஸ் மாறிய கதையை நிமிர்ந்து பார்த்தே படித்துக்கொள்ளலாம்.

1961 வரை இந்தியாவிலேயே உயரமான மாடிக் கட்டடம் அதுதான். ஊரார் ‘பதினாலு மாடிக் கட்டடம்’ என்று பெயர் வைத்தார்கள். கிராமத்திலிருந்து கதாநாயகன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று காட்ட, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அடுத்து இதைத்தான் காட்டியது தமிழ் சினிமா. பஸ் நிறுத்தத்துக்கு எல்.ஐ.சி. என்றே பெயர். மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர்.

1975 ஜூலை 11-இல் பெரும் தீ. கட்டடம் கருகியது, ஆனால் விழவில்லை. பழுது பார்த்து மறுபடியும் அலுவலகமாக்கினார்கள்.

இதே அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். 2006-இல் இடிப்பு வேலை தொடங்கியபோது, பாரம்பரியக் காப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றப் படியேறியது. 2010-இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வளைவும் கோபுரமுமாக நிற்கும் கட்டடத்துக்காக வாதாட ஆள் இருந்தது, நல்லதுதான். ஆனால் 1950-களின் கான்கிரீட் கட்டடம் ஒன்றுக்கு நாளை அப்படியொரு நிலை வந்தால், அதற்காக நீதிமன்றம் போக நம்மில் எத்தனை பேர் தயார்?

ஆகவே இந்த அவைக்கு இரண்டு வேண்டுகோள். பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிடும்போது 1947-ஐ எல்லைக்கோடாக வைக்காதீர்கள். இன்னொன்று, எல்.ஐ.சி. கட்டடத்தில் சாரம் கட்டியவர்கள், கலவை சுமந்தவர்கள், கம்பி வளைத்தவர்கள் குடும்பங்கள் இந்த ஊரில்தான் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் ஒரு புகைப்படமோ, கூலிச் சீட்டோ, தாத்தா சொன்ன கதையோ இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். சிதலேயின் பெயரோடு அவர்கள் பெயரும் அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் ஏறட்டும்.